ஓட்ட நாயும் காட்டு முயலும்

சார்லஸ் டார்வின் 1831 முதல் 1836 வரை உலகைச் சுற்றிவந்த கப்பலின் பெயர் ‘பீகிள்’ என்பதை விலங்கியல் படிப்போர் எல்லாரும் அறிவர். அப்பெயர் எதனுடையது என்று கேட்டால் பலர் விழிப்பர். முயல் வேட்டைக்கென்றே ஆங்கிலேயர் பழக்கி வளர்த்த ஒரு சிறிய நாயின் பெயர் அது. தொங்கும் காதும் ஓயாத மூக்கும் உடைய அந்நாயை, ‘ஸ்நூப்பி’ என்ற கேலிச்சித்திர நாயின் வடிவில் சிறுவர்களும் அறிவார்கள்.

வகுப்பில் பீகிள் கப்பலைப் பற்றிப் படித்தபோது எனக்கு எங்கள் வீட்டுக் கருப்பிதான் நினைவுக்கு வந்தாள். அவளும் முயல் வேட்டைக்கெனத் தோன்றிய இனத்தைச் சேர்ந்தவளே. ஆனால் அவள் பீகிள் அல்லள். தென்தமிழ் நாட்டின் கன்னி இனம். என் தாய்மாமன் லாரி ஓட்டுநர். சிவகாசிச் சரக்கு ஏற்றிவரப் போனவர், சாத்தூர்ப் பக்கத்து நண்பர் ஒருவர் அன்போடு கொடுத்த குட்டியை மேல்விஷாரத்திற்குக் கொண்டுவந்து எங்களிடம் சேர்த்தார். இன்று அவளுக்கு நான்கு வயது.

முயலை விரட்டவென்றே உருவான நாய், முயலை விரட்டுவது குற்றமாகிவிட்ட காலத்தில் எப்படி வாழ்வது? ‘சட்டத்தை விட்டால் நாய் போகும், நாயை விட்டால் முயல் போகும்’ என்று இரு பக்கமும் பேசுவோர் உண்டு. இரண்டையும் காக்க வழி உண்டு என்பது என் கருத்து. அதை விளக்க, முதலில் இவ்விரு விலங்குகளையும் சற்று அறிந்துகொள்வோம்.

மூக்கால் ஓடும் நாய், கண்ணால் ஓடும் நாய்

வேட்டை நாய்கள் இரு பெரும் பிரிவின. மோப்பத்தால் வேட்டையாடுவன ஒரு பிரிவு. பார்வையால் வேட்டையாடுவன மற்றொரு பிரிவு.

பீகிள் முதற்பிரிவைச் சார்ந்தது. அது குள்ளமானது, அமெரிக்காவில் 13 அங்குலம் வரை ஒரு வகை என்றும், அதற்கு மேல் 15 அங்குலம் வரை மற்றொரு வகை என்றும் பிரிப்பர். முயல் சென்ற தடத்தை முகர்ந்து, குரல் கொடுத்துக்கொண்டே மெதுவாகப் பின்தொடரும். அமெரிக்கச் சிறு முயலுக்கு ஒரு குணம் உண்டு. தான் வாழும் சிறு எல்லையை விட்டு அது வெளியேற விரும்பாது. வட்டமடித்துப் புறப்பட்ட இடத்திற்கே திரும்பி வரும். வேட்டைக்காரர் அங்கேயே துப்பாக்கியோடு காத்து நிற்பார். ஆகவே பீகிளுக்கு வேகம் தேவையில்லை; தடத்தை விடாத பொறுமையே தேவை.

நம் நாட்டு நாய்கள் இரண்டாம் பிரிவின. இவற்றுக்குக் கண்ணே கருவி. நீண்ட குறுகிய முகம், ஆழ்ந்த மார்பு, உள்ளொடுங்கிய வயிறு, வில்போல் வளையும் முதுகு, நீண்ட கால்கள் ஆகியன இவற்றின் இலக்கணம். ஆழ்ந்த மார்பில் பெரிய நுரையீரலும் இதயமும் இடம் பெறுகின்றன. முழு வேகத்தில் ஓடும்போது ஒரே பாய்ச்சலில் இரண்டு முறை நான்கு கால்களும் தரையை விட்டு எழும். கால்கள் உடலுக்கடியில் மடங்கும்போது ஒரு முறை, முன்னும் பின்னும் நீளும்போது ஒரு முறை. அந்த நேரத்தில் நாய் ஓடுகிறது என்பதைவிடப் பறக்கிறது என்பதே பொருந்தும். இந்த ஓட்டம் சில நிமிடங்களே நீடிக்கும். ‘பாக்காத வரைக்கும் இது படுத்துக் கெடக்கும்டா, பாத்துட்டா நம்ம பேச்சக் கேக்காது’ என்பார் என் தாத்தா. இந்த ஒரு வாக்கியத்தில் அப்பிரிவின் இயல்பு முழுவதும் அடங்கிவிடுகிறது.

அரபு நாட்டுச் சலூக்கியும் ஆங்கில நாட்டுக் கிரேஹவுண்டும் கருநாடகத்து முதோலும் இப்பிரிவின் புகழ் பெற்ற உறவுகள். எங்கள் ஊரில் இஸ்லாமியப் பெருமக்கள் மிகுதி. வீட்டுக்குள் நாய் வளர்ப்பது அவர்கள் வழக்கமன்று. ஆயினும், பழக்கிய வேட்டை நாய் பிடித்து வரும் இரையை உண்ணலாம் எனக் குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் அனுமதி தருகிறது என்பதை எனக்குச் சொன்னவர், தோல் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு பாய்தான். அவர் கருப்பியைத் தொடமாட்டார். ஆனால் அவள் ஓடும் நாளில் பார்க்க வராமலும் இருக்கமாட்டார்.

தமிழகத்தின் நான்கு நாய்கள்

தமிழ்நாட்டின் பெயர் பெற்ற நாயினங்கள் நான்கு. இராசபாளையம் தூய வெண்ணிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் உடையது, உடற்கட்டில் பெரியது, காவலுக்கும் பன்றி வேட்டைக்கும் பேர் பெற்றது. கோம்பை, தேனி மாவட்டத்துக் கோம்பை என்னும் ஊரின் பெயரைத் தாங்கியது. செம்பழுப்பு மேனியும் கருத்த முகமும் உடைய முரட்டுக் காவலன். சிப்பிப்பாறை, விருதுநகர் மாவட்டத்து ஊரின் பெயரால் வழங்குவது. மெலிந்து உயர்ந்த ஓட்ட நாய். கன்னி அதன் நெருங்கிய உறவு. கறுப்பு உடலும், மார்பிலும் கால்களிலும் கண்ணுக்கு மேலும் செம்பழுப்புப் புள்ளிகளும் உடையது. மணப்பெண்ணுக்குச் சீராகக் கொடுத்ததால் கன்னி என்னும் பெயர் வந்தது என்பர் சிலர். குட்டியை விலைக்கு விற்காமல், நன்றாக வளர்ப்பதாக வாக்குறுதி பெற்றுக்கொண்டு கொடுப்பதே பழைய வழக்கம் என்றும் கூறுவர்.

முயல் வேட்டைக்கு உரியவை கடைசி இரண்டுமே. கரிசல் காட்டின் திறந்த வெளியில், தொலைவில் எழும்பும் முயலைக் கண்டு துரத்த இவற்றின் காலும் கண்ணும் அமைந்தன. முயலின் வேகமே இந்நாயைச் செதுக்கியது எனலாம்.

காட்டு முயலின் கதை

‘முயல்’ என்ற ஒரே சொல்லால் நாம் இரண்டு விலங்குகளைக் குறிக்கிறோம். வீட்டில் கூண்டில் வளர்க்கும் வெள்ளை முயல் ஐரோப்பாவிலிருந்து வந்த குழிமுயலின் வழித்தோன்றல். அது மண்ணைத் தோண்டி வளை அமைக்கும். அதன் குட்டிகள் கண் திறவாமல், மயிரில்லாமல் பிறக்கும். நம் காட்டு முயல் வளை தோண்டுவதில்லை. புல்லிடையே தன் உடல் அளவுக்கு ஒரு சிறு பள்ளம் செய்து, அதில் காதை மடக்கி, மண்ணோடு மண்ணாகப் படுத்திருக்கும். அதன் குட்டிகள் பிறக்கும்போதே கண் திறந்து, மயிர் போர்த்து இருக்கும். பிடரியில் கறுப்பு மயிர் உள்ளமையால் இதனைக் ‘கறுப்புப் பிடரி முயல்’ என்று அழைப்பர். ‘லீபஸ் நைக்ரிகாலிஸ்’ என்பது அறிவியற் பெயர்.

ஒளிய வளையில்லாத விலங்கு ஓட்டத்தால்தான் பிழைக்க வேண்டும். தலையின் இரு பக்கமும் அமைந்த கண்களால் அது ஏறக்குறையப் பின்புறத்தையும் பார்க்கும். பின்னங்கால்கள் நீண்டிருப்பதால் மேட்டில் ஏறுவது அதற்கு எளிது. நாய் எட்டிப் பிடிக்கும் கணத்தில் சட்டென்று திரும்பும். பாரமான நாய் நேரே ஓடிப் போய்த் திரும்புவதற்குள் முயல் பத்துப் பதினைந்து அடி தூரம் தள்ளிப் போயிருக்கும்.

எங்கள் பக்கத்து மணிலாக் கொல்லைகளில் இளஞ்செடியைக் கடித்துவிடுகிறது என்று உழவர் முயல்மேல் குறைபடுவது உண்மைதான். ஆனால் குள்ளநரிக்கும் காட்டுப் பூனைக்கும் கழுகுக்கும் அது உணவு. முயல் அற்றுப்போன கரம்பில் அவையும் வாழா. எங்கள் ஊருக்கு வடக்கே பாலாறு. மேற்கே இரத்தினகிரிப் பக்கம் பாறைக் குன்றுகள். இடையே நெடுஞ்சாலையும் தோல் தொழிற்சாலைகளும் வீட்டு மனைகளும். மனைக்கல் நடப்படும் ஒவ்வொரு கரம்பிலும் முயலுக்கு இடம் குறைகிறது. தாத்தா இளைஞராய் இருந்தபோது ஒரு காலையில் ஏழெட்டு முயல்கள் எழும்பிய கரம்பில், நான் இந்த ஆண்டு முழுவதும் பார்த்தவை மூன்றே.

நாய்க்கு நடுகல், முயலுக்குக் கோட்டை

முயல் வேட்டை நம் பகுதிக்குப் புதிதன்று. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படை, வேட்டுவர் பகலில் நாய்களோடு புதர்களைக் கலைத்து, வலை மாட்டி முயல்களை வளைத்த காட்சியைக் காட்டுகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய தொண்டை நாட்டில்தான் நம் பாலாறும் ஓடுகிறது.

நாயின் நன்றிக்குச் சான்றும் நம்மருகிலேயே உள்ளது. முன்பு வட ஆர்க்காட்டிலும் இன்று திருவண்ணாமலை மாவட்டத்திலும் அடங்கும் எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது. போரில் வீழ்ந்த வீரனோடு அவனுடைய நாயும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. கள்வர் இருவரைக் கடித்துத் தன் தலைவனைக் காத்து நின்ற அந்நாயின் பெயர் கோவிவன் என்று கல்லே கூறுகிறது. பதின்மூன்று நூற்றாண்டுக்குப் பிறகும் ஒரு நாயின் பெயரை நாம் அறிகிறோம் என்றால், அது அதை வளர்த்தவர்களின் பெருமையன்றோ!

முயலுக்கும் நம் மக்கள் சிறப்புச் செய்தனர். வேட்டை நாய்களை முயல் ஒன்று எதிர்த்து விரட்டிய மண்ணில் வீரம் விளையும் என்று கருதி அங்கே பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைக் கட்டினர் என்பது கட்டபொம்மன் மரபினரைப் பற்றிய கதை. விசயநகரம் எழுந்த இடத்தைப் பற்றியும் இதே போன்ற கதை உண்டு. வரலாற்றுக்கு இக்கதை சான்றாகாது. ஆனால் மக்கள் மனத்துக்குச் சான்றாகும். நாய்க்கு நடுகல் நட்ட மக்கள்தாம் முயலுக்கும் கோட்டையைக் கொடுத்தார்கள்.

சட்டம் சொல்வது

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முதலில் முயலைச் சிறு வேட்டை விலங்குகளின் பட்டியலில் வைத்தது. உரிமம் பெற்றவர் வேட்டையாட இடம் இருந்தது. 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வாயிலை அடைத்தது. இன்று ‘வேட்டை’ என்பதற்குச் சட்டம் தரும் விளக்கத்தில் கொல்வது மட்டுமன்றி, பிடிப்பதும், நாயை ஏவித் துரத்துவதும், அவற்றுக்கு முயல்வதும் அடங்கும். ‘முயலைக் கொல்லவில்லை, நாயை ஓடவிட்டுப் பார்த்தேன்’ என்பது தப்பிக்கும் வழி ஆகாது. இங்கிலாந்திலும் 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தால், 2005 பிப்ரவரி முதல் நாய்களை ஏவி முயல் வேட்டையாடுவது தடை செய்யப்பட்டுவிட்டது. பீகிளின் தாய்நாட்டிலேயே அதன் பழைய தொழில் முடிந்துவிட்டது.

ஆயினும் பொங்கல் வந்தால் எங்கள் வாசலில் இளைஞர்கள் வந்து நிற்பார்கள். ‘ஒரே நாள், காணும் பொங்கலுக்கு மட்டும் நாயக் குடுங்கண்ணா’ என்பார்கள். கொடுப்பதில்லை. சட்டத்திற்கு அஞ்சி மட்டும் அன்று. அந்தக் கரம்பில் எஞ்சியிருப்பவை எத்தனை என்பதை எண்ணிப் பார்த்தவன் நான். அவர்களிடம் நான் சொல்வது இதுதான்: காஞ்சி வரதராசப் பெருமாள் மாட்டுப் பொங்கலன்று பழைய சீவரத்திற்குப் ‘பார்வேட்டை’ எழுந்தருளுகிறார். வேட்டை என்பது பெயர். ஊர்வலமும் மகிழ்ச்சியும் உண்டு. உயிர் எதுவும் போவதில்லை. தெய்வத்திற்குப் போதுமான வேட்டை நமக்கும் போதாதா?

வளர்க்கும் முறை

ஓட்ட நாயை வளர்ப்பதில் கவனிக்க வேண்டியவற்றை என் அனுபவத்தையும் கால்நடை மருத்துவர் கூறியவற்றையும் கொண்டு எழுதுகிறேன்.

உணவு: தென்மாவட்டங்களில் கம்பு, சோளம், கேழ்வரகுக் கூழோடு பால் கலந்து கொடுப்பர். நம் பகுதியில் கேழ்வரகுக் களிக்குப் பஞ்சமில்லை. ஆனால் தானியம் மட்டும் ஓட்ட நாய்க்குப் போதாது. வேக வைத்த இறைச்சி, முட்டை, தயிர் ஏதேனும் சேர வேண்டும். ஆர்க்காடு, ஆம்பூர் வட்டாரத்தில் பிரியாணி எலும்பை நாய்க்குப் போடுவது வழக்கம். அது தீங்கு. வெந்த எலும்பு கூர்மையாக உடைந்து குடலைக் குத்தும். மசாலாவும் வெங்காயமும் ஆகா. விலா எலும்பு இலேசாகத் தெரிவதே இந்நாய்க்கு அழகு. அது பட்டினியின் அடையாளமன்று.

தண்ணீர்: இது எங்கள் வட்டாரத்துக்கே உரிய எச்சரிக்கை. தோல் கழிவால் பாலாற்றுப் படுகை கெட்ட கதை, உச்ச நீதிமன்றம் 1996-இல் வழங்கிய தீர்ப்பினால் நாடறிந்தது. கால்வாயில் தேங்கிய நீரை நாய் குடிக்க விடக்கூடாது. சுண்ணாம்பு நீரில் ஊறிய தோலிலிருந்து சீவியெறியும் சவ்வு இறைச்சி மணத்தால் நாயை இழுக்கும். அதில் சுண்ணாம்பும் சல்பைடும் ஊறியிருப்பதால் வாயும் வயிறும் புண்ணாகும்.

கழுத்துப்பட்டை: இந்நாயின் தலை கழுத்தைவிடக் குறுகியது. சாதாரணப் பட்டையிலிருந்து தலையை எளிதில் உருவிக்கொள்ளும். கயிறோ சங்கிலியோ கழுத்தை அறுக்கும். இரண்டு அங்குல அகலமான மென்தோல் பட்டையே நல்லது. தோலுக்குப் பேர் போன ஊரில் அதற்கு அலைய வேண்டியதில்லை; கருப்பியின் பட்டை ஒரு செருப்புத் தொழிலாளர் மிச்சத் துண்டில் தைத்துக் கொடுத்தது. உள்ளே மென்மையான பக்கம் வருமாறு மடித்துத் தைத்தார்.

நோய்த்தடுப்பு: ஆறு முதல் எட்டு வார வயதில் பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கான முதல் ஊசி, மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பின்பு மருத்துவர் சொல்லும் முறைப்படி ஆண்டுதோறும். வெறிநோய் கண்டபின் மனிதருக்கும் நாய்க்கும் மீட்சி இல்லை. 1932-இல் தொடங்கிய கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் ஆற்றுக்கு அப்பால் இராணிப்பேட்டையில்தான் இருக்கிறது. அத்தகைய நிலையத்தின் நிழலில் வாழும் நாம் தடுப்பூசியை மறப்பது அழகன்று. உண்ணிகளை வாரந்தோறும் காது மடலிலும் விரலிடுக்கிலும் தேடி எடுக்க வேண்டும். உண்ணிக் காய்ச்சல் இரத்தத்தைக் கெடுத்து நாயை மெல்லக் கொல்லும்.

இனப்பெருக்கம்: சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். நெருங்கிய உறவுக்குள் சேர்க்கை நடந்தால் இனம் கெடும். முழு வெள்ளை நிறம் வேண்டும் என்ற ஆசையால் இராசபாளையம் நாய்களில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பதை ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். நிறத்தைப் பார்த்துச் சேர்ப்பதைவிட நலத்தைப் பார்த்துச் சேர்ப்பதே அறிவுடைமை.

முயலில்லா ஓட்டம்

ஓட்ட நாயைச் சங்கிலியில் கட்டிப்போடுவது மெல்லக் கொல்வதற்கு ஒப்பாகும். ஓடாத நாய் ஊளையிடும், மண்ணைத் தோண்டும், கோழியைத் துரத்தும். அதற்கு வழி என்ன? 1970-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் ஒரு முறை உருவாயிற்று. வயலில் கப்பிகளை ஊன்றிக் கயிற்றை மாட்டி, அதில் வெள்ளைப் பையைக் கட்டி, மோட்டாரால் இழுப்பர். முயலைப் போல் வளைந்து ஓடும் பையை நாய்கள் துரத்தும். கண்ணால் வேட்டையாடும் நாய்க்கு ஓடும் பொருளே போதும். அது முயலா, பையா என்று ஆராய்வதில்லை.

எங்களிடம் மோட்டார் இல்லை. பழைய சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின்சக்கரத்தின் டயரைக் கழற்றிவிட்டு, வளையத்தில் 200 மீட்டர் நைலான் கயிற்றைச் சுற்றினோம். கயிற்றின் நுனியில் வெள்ளைப் பை. பாலாற்றின் காய்ந்த படுகையில், மணல் இறுகிய இடமாகப் பார்த்து, ஒருவர் பையோடும் நாயோடும் தொலைவில் நிற்பார். நான் மிதிகட்டையைக் கையால் சுற்றுவேன். பை துள்ளிக்கொண்டு வரும். பின்னால் கருப்பி வருவாள். வாரத்தில் இரண்டு நாள், நாளுக்கு இரண்டு ஓட்டம்; அதற்கு மேல் வேண்டியதில்லை. மற்ற நாள்களில் மூன்று நான்கு கிலோமீட்டர் நடை.

இதில் சில விதிகள் உண்டு. ஒரு வயது நிரம்பாத குட்டியை முழு வேகத்தில் ஓடவிடலாகாது, எலும்பு முற்றியிராது. உணவு உண்டபின் இரண்டு மணி நேரம் ஓட்டம் கூடாது. ஆழ்ந்த மார்புள்ள நாய்களுக்கு இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஒரு நேரத்தில் ஒரு நாய் மட்டும். கயிறு காலை அறுக்கக் கூடுமாதலால் நேர்கோட்டில் மட்டும். எல்லாவற்றுக்கும் மேலானது வெயில். நாய்க்கு நம்மைப் போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாக்கை நீட்டி இளைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். வேலூர் வட்டாரத்து வெயிலில் காலை ஏழு மணிக்குள் ஓட்டத்தை முடித்துவிட வேண்டும். நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் கெட்டியாகி, நடை தள்ளாடினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், வயிற்றிலும் தொடையிடுக்கிலும் தண்ணீர் ஊற்றி விசிறி, மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

முதல் நாள் எங்களைக் கேலி செய்த அதே பொங்கல் இளைஞர்கள் இப்போது முறை வைத்துச் சக்கரம் சுற்றுகிறார்கள். யார் சுற்றும்போது கருப்பி பையைப் பிடித்தாள் என்பதே அவர்களுக்குள் போட்டி.

முடிவுரை

நம் நாய்களின் மதிப்பை நாடு மெல்ல உணர்ந்து வருகிறது. 2005-இல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய் முத்திரைகளில் இராசபாளையமும் ஒன்று. தியடோர் பாஸ்கரன் 2017-இல் இந்திய நாய்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். பின்னர் இராசபாளையம், சிப்பிப்பாறை, முதோல் ஆகிய மூன்றும் நாட்டின் கால்நடை மரபுவளப் பணியகத்தில் பதிவு பெற்றன. இவை யாவும் நன்று. ஆனால் முத்திரையும் பதிவும் நாயை ஓடச் செய்யா. அதை வளர்ப்பவர்தாம் ஓடச் செய்ய வேண்டும்.

ஒரு தொழில் முடிந்துவிட்டால் அத்தொழிலாளியும் முடிந்துவிட வேண்டும் என்பதில்லை. நாயின் கால்களில் பல நூற்றாண்டாக முயல் எழுதிவைத்த வேகம் இருக்கிறது. அவ்வேகம் அழியாதிருக்க ஒரு சக்கரமும் ஒரு கயிறும் போதும். அவ்வேகத்தைக் கற்றுக்கொடுத்த முயல் அழியாதிருக்கக் கொஞ்சம் கரம்பும் கொஞ்சம் புதரும் போதும். இரண்டையும் விட்டுவைப்பது நம் கையில்தான் இருக்கிறது.